கண்டெடுத்த பொருள் யாருக்கு உரியது?

இங்கிலாந்தின் கடற்கரைகளில் உலோகம் அறியும் கருவியுடன் மணலைத் துழாவுவோர் பலர். சில வேளைகளில் பழைய வெள்ளி நாணயங்கள் அவர்கள் கைக்கு வருகின்றன. 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வெள்ளி நாணயங்கள் இரண்டோ பலவோ ஒருங்கே கிடைத்தால், 14 நாட்களுக்குள் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்பது அந்நாட்டின் 1996ஆம் ஆண்டுப் புதையற் சட்டம். தனியே கிடைக்கும் ஒற்றை நாணயத்தை அச்சட்டம் பெரும்பாலும் கேட்பதில்லை.

சட்டம் மௌனமாகும் இடத்திலேதான் மனச்சாட்சியின் கடமை ஆரம்பமாகின்றது. நாணயத்தை இழந்தவர் இன்று இல்லை, கேட்பாரும் இல்லை. ஆயினும் அது கிடந்த இடம் முன்னோர் வாழ்வுக்கு ஒரு சாட்சி. சொல்லாமல் மறைத்தால் வெள்ளி மிஞ்சும், வரலாறு அழியும். இத்தகையவற்றை விரும்பிப் பதிவுசெய்ய அங்கு 1997இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. பதிந்தபின் நாணயம் பெரும்பாலும் கொண்டுவந்தவரிடமே திரும்புகின்றது.

ஆகவே, வெள்ளி கண்டெடுத்தவருக்கு உரியதாகலாம். அது சொல்லும் செய்தி எல்லோருக்கும் உரியது. கேட்பார் இல்லாதபோதும் உண்மையைச் சொல்வதே நேர்மை.