கண்டும் காணாமல்

ஆங்கிலத்தில் 'ஓவர்லுக்' என்றொரு சொல் உண்டு. 'ஓவர்' என்றால் மேலே. 'லுக்' என்றால் பார். கரையின் மேட்டில் நிற்கும் மாளிகை கடலை 'ஓவர்லுக்' செய்கிறது என்பர். கணக்கில் ஓர் எண்ணைக் கவனியாது விட்டாலும் அதே சொல். பிறர் பிழையை அறிந்தே பொறுத்தாலும் அதே சொல்தான். உயரத்திலிருந்து காண்பது, காணத் தவறுவது, கண்டும் பொறுப்பது ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன.

நம் தமிழிலும் 'கண்டும் காணாதிருத்தல்' பெருந்தன்மையைக் குறிக்கும், கோழைத்தனத்தையும் குறிக்கும். இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்?

2013 ஏப்ரல் 23 அன்று, டாக்காவை அடுத்த சாவரில், ராணா பிளாசா என்னும் கட்டடத்தில் விரிசல்கள் காணப்பட்டன. அங்கிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. ஆடைத் தொழிலாளரோ மறுநாளும் வேலைக்கு அழைக்கப்பட்டனர். அன்று கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் மாண்டனர். விரிசல் கண்ணுக்குத் தெரியாமலா போயிற்று? தெரிந்தது, பொருட்படுத்தப்படவில்லை.

நமக்கிழைத்த தீங்கை நாம் காணாது விட்டால் அது பொறுமை. அதன் விலையை நாமே கொடுக்கிறோம். பிறருக்கு நேரும் தீங்கைக் காணாது விட்டாலோ, விலையைக் கொடுப்பவர் அவர். அதற்குப் பொறுமை என்று பெயர் சூட்ட நமக்கு உரிமை ஏது? மன்னிக்கும் உரிமை காயம்பட்டவனுடையது.

உயரத்தில் நிற்பவர் கண்ணில் படுவது அதிகம். ஆதலின், காணாது விடும் உரிமையும் அவருக்கே மிகக் குறைவு.