புறப்படு, தலைக்காவிரிக்கு!

"இந்த வெயில்ல பைக்லயா? உனக்கென்ன பைத்தியமா?"

வீட்டில் கேட்பார்கள். டீக்கடையில் கேட்பார்கள். கேட்கட்டும்! தம்பி, தங்கையே, அவர்களுக்கு வாயால் பதில் சொல்லாதே. ஆயத்தத்தால் சொல்!

காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரில் வண்டியைக் கிளப்பு. மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், கல்லணை, திருச்சி, கரூர், பவானி, மேட்டூர் என்று ஆற்றை எதிர்த்து ஏறிக்கொண்டே போனால் குடகு மலையில் தலைக்காவிரி. ஆறு ஓடிவரும் தொலைவே ஏறக்குறைய 800 கிலோமீட்டர். தி. ஜானகிராமனும் சிட்டியும் அந்த ஆற்றோடு பயணம் போய்த்தான் 'நடந்தாய் வாழி காவேரி' எழுதினார்கள். அதன் தண்ணீரில் விளைந்த சோற்றில் வளர்ந்த உடம்பு உன்னுடையது. அது பிறக்கும் இடத்தைப் பார்க்க யாரிடம் அனுமதி கேட்கிறாய்?

"என்கிட்ட பழைய ஸ்ப்ளெண்டர்தான் இருக்கு" என்கிறாயா? போதும்! 100 சிசிகூட நிரம்பாத அந்த எஞ்சின்தான் நம் வரப்போரங்களில் உரமூட்டை சுமக்கிறது. வண்டி சிறியது என்பதால் யாரும் வழியில் நிற்பதில்லை, பராமரிக்காததால்தான் நிற்கிறார்கள்.

குனிந்து டயரின் பக்கவாட்டைப் பார். நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2219 என்றால் 2019ஆம் ஆண்டின் 22ஆவது வாரம் செய்த டயர். பழசாகி ரப்பர் வெடித்திருந்தாலோ, பட்டன் தேய்ந்திருந்தாலோ யோசிக்காமல் மாற்று. காற்றை விடியற்காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது, கம்பெனி சொன்ன அளவுக்குப் பிடி. நண்பகலில் அளந்துவிட்டு, கூடிவிட்டதே என்று இறக்கிவிடாதே! சூட்டில் அழுத்தம் ஏறுவது இயல்பு. காற்று குறைந்த டயர்தான் நெளிந்து நெளிந்து மேலும் சூடேறி வெடிக்கும். ஆயில், செயின், பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள் எல்லாவற்றையும் மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து உன் கண்ணால் பார். பஞ்சர் ஒட்ட உன் கையே பழகட்டும்.

அடுத்து உன் உடம்பு. மே 4 முதல் 28 வரை கத்திரி வெயில். காற்று நம் தோலைவிடச் சூடாகிவிட்டால், வேகமாகப் போகப் போக அனல்தான் உடம்பில் ஏறும். வியர்வை உலர்வது ஒன்றே அப்போது காப்பு. அரைக்கைச் சட்டையில் போனால் அந்த வியர்வை நொடியில் காய்ந்து, நீர் வற்றுவதே தெரியாது. ஆகவே முழுக்கைச் சட்டை, கழுத்தில் நனைத்த துண்டு, தலையில் ஐஎஸ்ஐ முத்திரை ஹெல்மெட். கிளம்புமுன் உப்புப் போட்ட நீராகாரம். பையில் ஓஆர்எஸ் பொட்டலம். தாகம் எடுக்குமுன் குடி! அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பு, பதினொன்றுக்கு நிழலில் ஒதுங்கு, வெயில் தாழ்ந்தபின் ஏறு. தலை கிறுகிறுத்தால், பேச்சு குழறினால் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்து. உடம்பை நனை, 108ஐ அழை. அதை வீரக்குறைவு என்பவன் உன் நண்பன் அல்ல.

நம் ஊர்ச் சாலையில் காயும் வைக்கோலையும் உளுந்துச் செடியையும் கண்டால் முன்கூட்டியே வேகத்தைக் குறை. அதன்மேல் பிரேக் பிடித்தால் வழுக்கிவிடும். முதலில் வேளாங்கண்ணிவரை ஒருநாள் போய்வந்து பழகு.

ஜூன் 12 வழக்கமாக மேட்டூர் அணை திறக்கும் நாள். தண்ணீர் வந்தபிறகா நம் விவசாயி ஏரைத் தேடுகிறார்? கோடை மழை ஈரத்தில் உழுது, வாய்க்காலைத் தூர்வாரி, விதைநெல்லோடு அல்லவா காத்திருக்கிறார்! அவர் பிள்ளை நீ. "பார்த்துக்கலாம்" என்ற சொல்லை இன்றோடு தூக்கி எறி! நாளைக் காலை மெக்கானிக் கடை திறக்கும்போது, உன் வண்டிதான் வாசலில் முதலாவதாக நிற்க வேண்டும்.