நடுச்சில்லு

“சேர், நேரா நல்லா ஓடுது. திரும்பச் சொன்னாத்தான் நடுங்குது.” உயர்தரத் தொழினுட்பப் பிரிவில் படிக்கும் பிள்ளை ஒருத்தி சொன்னது. குறிப்பேட்டின் தலைப்பில் அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். போட்டி ரோபோவுக்கு இந்தத் தவணை நாங்கள் புதிதாகச் செய்யும் அடிவண்டி முழுவதும் அந்த நடுக்கத்துக்கான பதில்தான்.

*

எங்கள் வண்டிக்குச் சுக்கான் இல்லை. வலப்பக்க மோட்டர் முன்னுக்கும் இடப்பக்க மோட்டர் பின்னுக்கும் சுழன்றால் வண்டி நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது நான்கு மூலைச் சில்லுகளும் பக்கவாட்டில் வழுக்கியே ஆக வேண்டும். ரப்பர் வழுக்க மறுக்கிறது. பிடிப்புக்காகத் தேடி வாங்கிய ரப்பர் அது, தன் வேலையைச் செய்கிறது. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையே தூரம் கூடக் கூட இந்த மறுப்பு வலுக்கும். இடவல அகலம் கூடினால் மோட்டரின் கை ஓங்கும். நீளம் அகலத்தை மிஞ்சிய வண்டி பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். நாங்கள் பார்த்த நடுக்கம் அதுதான்.

மோட்டர் சுழல முடியாமல் திணறும் கணத்தில் அதிகபட்ச மின்னோட்டத்தை இழுக்கிறது. 12 வோல்ற்றுப் பற்றரி தாழ்ந்துபோகிறது. சில வேளை கட்டுப்பாட்டுப் பெட்டியே அணைந்து மறுபடி எழும்புகிறது. பிள்ளைகள் முதலில் நிரலில்தான் பிழை தேடுவார்கள். தரையைப் பாருங்கள் என்பேன். சீமெந்துத் தரையில் கறுப்புக் கீறல்கள் வில்லாக வளைந்து கிடக்கும். எந்தச் சில்லு எவ்வளவு இழுபட்டது என்பது அங்கே எழுதியிருக்கும்.

*

மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் மாத்தளை வீதிகளில் வரும். தேர் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் திருவாரூர் ஆழித்தேரைப் பற்றிச் சொல்வது சுலபம். 96 அடி உயரம், ஏறத்தாழ 300 தொன். போகும் வழியில் முட்டுக்கட்டை போட்டுத் திசை திருத்துவார்கள். வீதி முனைக்கு வந்ததும் சில்லுகளுக்கு அடியில் இரும்புத் தகடு விரித்து, மசகு தடவி, வடத்தைப் பக்கமாக இழுப்பார்கள். அவ்வளவு பெரிய தேர் வழுக்கித்தான் திரும்புகிறது. இதைச் சொன்னபோது ஒரு பையன் எழுந்து வண்டியின் பின்பக்கத்தை ஒரு விரலால் சற்றே தூக்கிப் பிடித்து, திரும்பச் சொன்னான். நடுக்கமே இல்லை. அந்த விரல் செய்ததைச் சில்லே செய்ய வேண்டும் என்று அன்று முடிவானது.

*

திரும்பும் சிக்கல் ரயிலுக்கும் உண்டு. கண்டியிலிருந்து வரும் ரயில் பாதை 1880 முதல் மாத்தளையோடு முடிகிறது. ரயில் சில்லு இரண்டும் ஒரே அச்சில் இறுகியவை. ஒன்று கூடவும் மற்றது குறையவும் சுழல முடியாது. ஆனால் தண்டவாளத்தில் உருளும் சில்லின் பரப்பு சற்றே கூம்பு. வளைவில் அச்சு வெளிப்பக்கம் நகர, வெளிச்சில்லு தன் பெரிய விட்டத்திலும் உட்சில்லு சிறிய விட்டத்திலும் உருள்கின்றன. மிக இறுகிய வளைவில் மட்டும் அது போதாமல் இரும்பு கிறீச்சிடும். மில்லிமீட்டர் கணக்கிலான ஒரு சரிவு இத்தனை பெரிய பாரத்துக்கு வழிகாட்டுவதை நினைக்கையில் எனக்கு இன்றும் மரியாதை பிறக்கிறது.

*

மெக்கானம் சில்லு வேண்டுமென்று பிள்ளைகளில் பாதிப்பேர் கேட்டார்கள். சுவீடன் பொறியியலாளர் பெங்ட் இலோன் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கியது: சில்லைச் சுற்றி 45 பாகையில் சாய்ந்த சிறு உருளைகள். வண்டி நண்டுபோலப் பக்கவாட்டில் நடக்கும். அழகுதான். ஆனால் எதிரணி தள்ளினால் உருளைகள் உருண்டு இடம் கொடுத்துவிடும். எங்களுக்கு வேண்டியது சரிவுப் பலகை ஏறவும் தள்ளுக்குத் தாங்கவும் வல்ல வண்டி. 2017இல் வாஷிங்டனில் தொடங்கிய ஃபர்ஸ்ட் குளோபல் ரோபோப் போட்டியில் 150க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஒரே பொருட்பெட்டியைத்தான் கொடுத்தார்கள். ஒரே சில்லை எந்த உயரத்தில் பூட்டுவது என்பதில்கூட அணிகள் வேறுபட முடியும். அது காசில்லாத சுதந்திரம்.

*

ஆகவே ஆறு சில்லு. நடுச்சில்லு மட்டும் மற்றவற்றைவிடச் சில மில்லிமீட்டர் கீழே. எந்த நேரமும் நடு இரண்டும் ஒரு முனையின் இரண்டும்தான் பாரம் தாங்கும். மறுமுனை தரையை மெல்லத் தொடும், அல்லது தொடாது. வண்டி நீளமாகவே இருக்கும், திரும்பும்போது மட்டும் பாதி நீளமாகிவிடும். 90 மி.மீ. சில்லு நிமிடத்துக்கு 300 சுற்றில் செக்கனுக்கு 1.4 மீட்டர் ஓடும். பாரத்தில் அது குறையும், குறையட்டும்.

விலையும் உண்டு. ரோபோவின் கை உயர்ந்து பாரம் தூக்கும்போது வண்டி முன்னும் பின்னும் ஆடுகிறது. தாழ்வைக் கூட்டினால் ஆட்டம், குறைத்தால் பழைய நடுக்கம். மேலும், அதிக பாரம் சுமக்கும் நடுச்சில்லுதான் முதலில் தேயும்; தேயத் தேயத் தாழ்வும் குறைந்துகொண்டே போகும். அதனால் புதிய சட்டத்தில் நடு அச்சின் துளையை நீள்துளையாக வெட்டச் சொல்லியிருக்கிறேன், தகடு சொருகி உயரத்தை மாற்றலாம். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் ஆறு சில்லின் விட்டத்தையும் வேர்னியரால் அளந்து எழுதும் பொறுப்பை அந்தப் பிள்ளை தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள்.