வாடகைக்கு விடும் பகுதி யாருடையது?

வீடு கட்டப்போகிறவர்கள் வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஆலிம்களிடம் வருவது நம் ஊர்களில் உள்ள வழக்கம்தான். கழிவறையில் எந்தத் திசை பார்த்து உட்காரும்படி அமைப்பது, பேங்கில் வட்டிக்கு வாங்காமல் கட்டி முடிக்க வழியுண்டா, குடிபோகும் அன்று என்ன ஓதுவது என்றெல்லாம் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் அதே வரைபடத்தில் மாடியையோ பின்கட்டையோ ஒரு கோடு போட்டுப் பிரித்து, 'வாடகைப் பகுதி' என்று எழுதியிருப்பார்கள். அங்கே வந்து குடியிருக்கப்போகும் மனிதரைப் பற்றி ஒரு கேள்வியும் வருவதில்லை. மாதம் எவ்வளவு தேறும் என்ற கணக்கு மட்டும் ஓரத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும்.

வாடகை ஹலாலான வருமானம். எத்தனையோ விதவைத் தாய்மார்களுக்கும், வளைகுடாவிலிருந்து உடல் தளர்ந்து திரும்பியவர்களுக்கும் அதுவே ஜீவனம். அதைப் பற்றி நாம் எதுவும் சொல்ல வரவில்லை. நாம் கேட்பது, சாவியைக் கொடுத்த பிறகு அந்தப் பகுதி யாருடையது என்பதைத்தான்.

'பட்டா என் பெயரில் இருக்கிறது, வேறு யாருடையது?' என்று சொல்லத் தோன்றும். ஃபிக்ஹுடைய இமாம்கள் அப்படிச் சொல்லவில்லை. 'இஜாரா' என்பது ஒரு பொருளின் பயனை விற்பது என்றே விளக்குகிறார்கள். சுவரும் கூரையும் நம்முடையவை. அவற்றுக்குள் வசிக்கும் பயன் தவணை முடியும்வரை அவருடையது. அரிசியை விற்றவர் வாங்கியவரின் பானைக்குள் கைவிட முடியுமா? ஆகவே பிறர் வீட்டில் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லாமல் நுழையக் கூடாதென்று சூரத்துந் நூரின் 27-வது ஆயத்தில் அல்லாஹுதஆலா கட்டளையிட்டிருப்பது, நாம் கட்டிய மாடிக்கும் பொருந்தும். 'இப்போது வேண்டாம், திரும்பிப் போங்கள்' என்று சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்கிறது அடுத்த ஆயத்து. இரண்டாவது சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, தொட்டியைப் பார்க்கிறேன், மிளகாய் காயவைக்கிறேன் என்று அவர்கள் கூடத்தின் வழியாக நடந்துபோகிற வீட்டுக்காரர் இதைச் சிந்திக்க வேண்டும்.

நம் மதரஸாக்களில் ஷாஃபிஈ மத்ஹபினர் ஓதும் 'மின்ஹாஜ்' கிதாபில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். சாவியை ஒப்படைப்பதும், பழுதைச் சரிசெய்வதும் வீட்டுக்காரர் பொறுப்பு. அவர் விரைந்து செய்யாவிட்டால் குடியிருப்பவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். கூரைமேல் விழுந்த பனிக்கட்டியை அகற்றுவது வீட்டுக்காரர் மீதும், முற்றத்துக் குப்பையைக் கூட்டுவது குடியிருப்பவர் மீதும் கடமை. (ஷாம் நாட்டில் வாழ்ந்தவர்கள் பனிக்கட்டியைச் சொன்னார்கள். நமக்கு அது ஐப்பசி மழையில் ஒழுகும் மேல்தளம்.)

இந்த ஹக்குகளைத் தினந்தோறும் நினைவில் வைத்து நடப்பது மனிதனுக்குக் கடினம். கோபம் வரும், மறதி வரும். ஆகவேதான் வரைபடத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும் என்கிறோம். மாடிப்படியை நம் கூடத்துக்குள்ளிருந்து ஏற்றினால், அவர் வீட்டு விருந்தாளி வரும்போதெல்லாம் நம் பெண்மக்கள் உள்ளே எழுந்து போக வேண்டும். நாளடைவில் யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார் என்று துருவிப்பார்க்கும் குணம் நமக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு கிரவுண்டு மனையில், அதாவது 2,400 சதுர அடியில், வெளிப்படிக்கு மூன்றடி அகலம் விட மனம் வருவதில்லை என்பது நமக்குத் தெரியும். அந்த மூன்றடியில்தான் இரு குடும்பத்தின் மானமும் இருக்கிறது.

ஜன்னலும் அப்படித்தான். மிஸ்ரு நாட்டில் ஃபுஸ்தாத் நகரம் உண்டான காலத்தில் காரிஜா பின் ஹுதாஃபா (ரலி) அவர்கள் மேல்மாடி அறை ஒன்று கட்டினார்கள். செய்தி மதீனாவுக்குப் போயிற்று. ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் ஆளுநர் அம்ரு பின் ஆஸ் (ரலி) அவர்களுக்கு எழுதிய யோசனை வியப்பானது. அந்த அறையில் ஒரு கட்டிலைப் போட்டு, நெட்டையும் குட்டையுமில்லாத ஒருவரை அதன்மேல் நிறுத்திப் பாருங்கள். ஜன்னல் வழியே அண்டை வீடு அவர் கண்ணுக்குத் தெரிந்தால் அதற்கு இடங்கொடுக்காதீர்கள் என்பது அதன் கருத்து. 1869 முதல் 1876 வரை உதுமானியர் ஆட்சியில் ஹனஃபீ மத்ஹபின்படி தொகுக்கப்பட்ட 'மஜல்லா' என்னும் சட்ட நூலும், பெண்கள் புழங்கும் அடுக்களை, கிணற்றடி, முற்றம் ஆகியவை பார்வையில் படுவதைப் பெருந்தீங்கு என்று கணக்கிட்டு, தடுப்புச் சுவரோ பலகையோ வைக்கச் சொல்கிறது. நம்மவர்கள் இதில் ஒரு பக்கத்தையே பார்க்கிறார்கள். குடிவருபவர் நம் வீட்டைப் பார்த்துவிடக் கூடாதென்று ஜன்னலை உயர்த்துவார்கள். நம் வீட்டு வாலிபர்கள் மொட்டைமாடியில் நின்றால் அவர் வீட்டு அடுக்களை தெரிவதை மறந்துவிடுவார்கள்.

தண்ணீர் மோட்டார் சுவிட்சு நம் வீட்டுக்குள் இருந்தால், மனத்தாங்கல் வந்த அன்று விரல் தானாக அதன்மேல் போகும். மிஞ்சிய தண்ணீரைத் தடுப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் விலக்கியிருக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதைத் தடுக்கிறது. தனிக் குழாய், தனி வால்வு, தனி மின் இணைப்பு என்று தொடக்கத்திலேயே அமைத்துவிட்டால் நஃப்ஸுக்கு வேலையில்லை. சப்மீட்டர் வைத்து, மின்வாரியம் நம்மிடம் வாங்குவதைவிட யூனிட்டுக்குக் கூடுதலாக அவரிடம் வாங்கி, அதையும் 'கரண்ட் பில்' என்றே சொல்வது அளவையில் மோசம் செய்வதல்லாமல் வேறென்ன?

கட்டுமானப் பணம் குறையும்போது ஒத்திக்கு விடும் எண்ணம் வரும். பெருந்தொகையை வாங்கிக்கொண்டு, வாடகையின்றிக் குடியிருக்க விட்டு, பின்னர் முழுத் தொகையையும் திருப்பிக் கொடுப்பது கடனுக்குப் பிரதியாகப் பயன் கொடுப்பதாகும். அது வட்டியே. பேங்கை விட்டு விலகி வந்தவர் இங்கே வழுக்கி விழுவதைக் காண்கிறோம்.

குடிவருபவர் அண்டை வீட்டாரும்கூட. ஸஅது பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களுடைய மனைக்கட்டுக்குள் அபூராஃபிஉ (ரலி) அவர்களுக்கு இரண்டு வீடுகள் இருந்தன. வெளியார் 500 தீனார் தர முன்வந்தும், அண்டை வீட்டாருக்கே முதல் உரிமை என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டிருந்ததனால், தவணையாக 4,000 திர்ஹத்துக்கு ஸஅது (ரலி) அவர்களுக்கே கொடுத்தார்கள் என்று புகாரியில் வருகிறது. தீனாருக்குப் பத்து திர்ஹம் வீதம் பார்த்தாலும் ஆயிரம் திர்ஹம் விட்டுக்கொடுத்தார்கள். நாம் ஒரு மூலை வெளிச்சத்தை விட்டுக்கொடுக்கத் தயங்குகிறோம். மாற்று மதத்தவர் குடிவந்தாலும் இந்த ஹக்கு குறையாது. ஆட்டை அறுத்த அன்று, யூதரான அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அப்துல்லாஹ் பின் அம்ரு (ரலி) அவர்கள் தம் வீட்டாரிடம் கேட்டார்கள். முஸ்லிம் என்பதால் நகரங்களில் வீடு மறுக்கப்படுகிறது என்று வருந்தும் நாம், பெயரைக் கேட்டுக் கதவடைப்பது அழகா?

கடைசியாகப் பெண்மக்கள் விஷயம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தால், மகளுக்கென மாடி கட்டி, நிக்காஹ் வரை வாடகைக்கு விடுகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் தவணையைக் குறிக்காமல் 'மாதம் இவ்வளவு' என்று மட்டும் விடுவது ஷாஃபிஈ மத்ஹபில் செல்லாது. ஹனஃபீயில் ஒரு மாதத்துக்குச் செல்லும், அடுத்த மாதம் தொடங்க மீண்டும் தொடரும். பதினொரு மாதம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, ஆறாம் மாதம் சம்பந்தம் கூடிவந்தது என்பதற்காக அவரை வெளியேற்ற நமக்கு அதிகாரமில்லை. நிலைமையைச் சொல்லிக் கேட்கலாம், சாமான் ஏற்றும் வண்டிக் கூலியையும் மீதி வாடகையையும் கொடுத்துச் சம்மதம் பெறலாம். அவர் சம்மதிக்காவிட்டால், மாப்பிள்ளைக்குக் கீழ்க்கட்டில் ஓர் அறை ஒதுக்குவதோ, ஐந்து மாதம் பொறுத்திருப்பதோ நம் பாடு.