நண்பனுக்காகத்தான் செய்தார்!

உங்கள் எதிர் வீட்டுப் பையன். அப்பா இல்லை. அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். தபால்காரர் வேலைக்குத் தேர்வு எழுத வேண்டும். பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. உங்களுக்கோ அந்தத் தேர்வு சுண்டைக்காய். ‘எனக்குப் பதிலா நீங்க போய் எழுதிட்டு வந்துடுங்கண்ணே’ என்று காலில் விழாத குறையாகக் கேட்கிறான். போவீர்களா?

‘சேச்சே, அது தப்பு’ என்று உடனே சொல்லிவிட்டீர்கள் என்றால் நீங்கள் நல்லவர். ஆனால், வார்டு தேர்தலில் நின்றால் உங்களுக்கு டெபாசிட் கிடைப்பது சந்தேகம்.

போனவர் ஒருவர் இருந்தார். அமெரிக்காவில், பாஸ்டன் நகரில். பெயர் ஜேம்ஸ் மைக்கேல் கர்லி. தன் வார்டைச் சேர்ந்த இரண்டு பேருக்காக அவரும் கூட்டாளி ஒருவரும் ஆள்மாறாட்டம் செய்து தேர்வு எழுதினார்கள். மாட்டிக்கொண்டார்கள். அறுபது நாள் சிறை. அது 1904. அந்த வருடக் கடைசியில் நகரசபைத் தேர்தல். சிறையில் இருந்தபடியே கர்லி நின்றார். ஜெயித்தார்! செய்த குற்றத்தை அவர் மறைக்கவே இல்லை. அதையே பிரசார கோஷமாக்கிவிட்டார்: ‘நண்பனுக்காகத்தான் செய்தார்’.

சிரிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அந்த ஓட்டுக்காரர்கள் முட்டாள்கள் இல்லை.

கர்லி 1874-இல் பாஸ்டனின் ராக்ஸ்பரி பகுதியில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்கள். அப்பா கட்டட வேலையில் செங்கலும் சாந்தும் சுமந்தவர். கர்லிக்குப் பத்து வயது வாக்கில் இறந்துபோனார். அம்மா ஆபீஸ் ஆபீஸாகப் போய் மண்டியிட்டுத் தரை தேய்த்துப் பிள்ளைகளை வளர்த்தாள்.

அந்தக் காலத்து பாஸ்டனில் இரண்டு ஊர்கள் இருந்தன. ஒன்று, தலைமுறை தலைமுறையாக பாங்க்கும் கப்பல் வியாபாரமும் ஹார்வர்டு பட்டமும் வைத்திருந்த பழைய குடும்பங்களின் ஊர். மற்றது, அவர்கள் வீட்டில் வேலை செய்த ஐரிஷ்காரர்களின் ஊர். அரசாங்கப் பென்ஷன், வேலையில்லாதவர்களுக்கு உதவித்தொகை என்பதெல்லாம் அன்று கிடையாது. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1935-இல்தான். அடுப்புக்குக் கரி இல்லையா, பையனை போலீஸ் பிடித்துவிட்டதா, சாவுக்குச் செலவழிக்கக் காசில்லையா... போய் நிற்க ஒரே ஒரு வாசல்தான் இருந்தது. வார்டு அரசியல்வாதியின் வாசல். அவர் ‘உன் வருமானச் சான்றிதழ் எங்கே?’ என்று கேட்க மாட்டார். ‘உங்க அம்மாவுக்கு இப்ப உடம்பு எப்படி?’ என்று கேட்பார்.

அதனால் கர்லி வளர்ந்தார். வளர்ந்தார் என்றால் சாதாரணமாக இல்லை. நாலு முறை மேயர் (1914, 1922, 1930, 1946-இல் பதவி ஏற்றார்). நடுவில் ஒரு தவணை மாசசூசெட்ஸ் கவர்னர். அமெரிக்கக் காங்கிரசுக்கும் இரண்டு முறை போய் வந்தார். எதிரியை வீழ்த்த எதையும் செய்வார். முதல் முறை மேயருக்கு நின்றபோது எதிரே இருந்தவர் அப்போதைய மேயர் ஃபிட்ஸ்ஜெரால்ட், பின்னாளில் ஜனாதிபதியான ஜான் கென்னடியின் தாத்தா. அவருக்கும் சிகரெட் விற்கும் பெண் ஒருத்திக்கும் தொடர்பு என்று ஊரில் பேச்சு. ‘வரலாற்றின் மாபெரும் காதலர்கள், கிளியோபாட்ராவில் தொடங்கி...’ என்று ஒரு பொதுச் சொற்பொழிவை கர்லி அறிவித்தார். தலைப்பின் மறுமுனையில் இருந்தது அந்தப் பெண்ணின் செல்லப்பெயர்! ஃபிட்ஸ்ஜெரால்ட் போட்டியிலிருந்து விலகிவிட்டார். (நம் ஊர் மேடைப் பேச்சாளர்கள் எல்லாம் பிச்சை வாங்க வேண்டும்.)

மேயரானதும் கர்லி செய்த முதல் காரியங்களில் ஒன்றைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நகர மன்றத்தில் இரவில் தரை தேய்க்கும் பெண்களுக்கு நீளமான கைப்பிடி வைத்த மாப்களை வாங்கிக் கொடுத்தார். இனி அவர்கள் மண்டியிடக் கூடாது, கடவுளைத் தவிர வேறு யார் முன்னும் பெண்கள் மண்டியிட வேண்டாம் என்றாராம். அம்மாவின் முழங்கால் அந்தப் பிள்ளைக்கு மறக்கவே இல்லை!

அதே கையோடு, ஊரின் மிக அழகான சாலை ஒன்றில் மாளிகை மாதிரி வீடும் கட்டிக்கொண்டார். ஜன்னல் கதவுகளில் அயர்லாந்தின் மூவிலைச் சின்னத்தைச் செதுக்கி வைத்தார். மேயர் சம்பளத்தில் இது எப்படி முடிந்தது என்று கேட்டவர்கள் உண்டு. பதில் தெரிந்தும் கேட்காதவர்கள் அதைவிட அதிகம். பிற்பாடு ஒரு வழக்கில், நகராட்சிக்குச் சேர வேண்டிய 42 ஆயிரம் டாலருக்கு மேல் திருப்பிக் கட்டச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. அவருக்காக எளிய ஜனங்கள் பணம் கொண்டுவந்து கொடுத்தார்கள். யோசித்துப் பாருங்கள்... பறிபோனது அவர்களுடைய வரிப்பணம். அதைக் கட்டுவதற்கும் அவர்களே காசு கொடுக்கிறார்கள்!

இதில் நமக்குப் புரியாதது ஒன்றுமில்லை. துரியோதனன் பக்கம் நின்ற கர்ணனுக்காகக் கண் கலங்கி வளர்ந்தவர்கள் நாம். செஞ்சோற்றுக் கடன், நன்றி, நட்பு என்றால் நமக்கு நெஞ்சு விம்மும். அந்த நேரத்தில், ‘சரிப்பா, தருமன் என்ன பாவம் பண்ணினான்?’ என்று யார் கேட்கிறோம்?

அந்தக் கேள்வியைத்தான் நான் கேட்கப் பார்க்கிறேன். தேர்வு அறைக்கே திரும்பிப் போவோம். கர்லி எழுதியது தபால்காரர் வேலைக்கான தேர்வு. எத்தனை காலி இடமோ அத்தனை பேருக்குத்தான் வேலை. கள்ளத்தனமாக ஒருவன் உள்ளே வந்தால், நேர்மையாக எழுதிய ஒருவன் வெளியே நிற்க வேண்டும். அவன் யார்? பாங்க் முதலாளி மகனா? பாங்க் முதலாளி மகன் தபால்காரர் வேலைக்கு ஏன் தேர்வு எழுதப் போகிறான்! அவனும் இன்னொரு கூலிக்காரன் பிள்ளையாகத்தான் இருந்திருப்பான். மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவனாக இருந்திருப்பான். அவன் அம்மாவும் எங்கேயோ தரை தேய்த்திருக்கலாம். அவனுக்கு கர்லியைத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கர்லிக்காக வாதாட நினைப்பவர்கள் சொல்வார்கள்: ‘பழைய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு கிளப்பில் அப்பா ஒரு வார்த்தை சொன்னால் வேலை. அவர்களுக்குத் தேர்வு ஏது? ஏழைக்கு மட்டும்தானா ரூல்?’ நியாயமான கேள்வி. எனக்கும் கோபம் வருகிறது. ஆனால், கர்லி உடைத்தது கிளப்பின் கதவை அல்ல. ஏழைகளுக்கென்று இருந்த ஒரே கதவை.

உபதேசம் பண்ணுகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. பல வருடங்களுக்கு முன் என் அப்பாவுக்கு நடு ராத்திரியில் மூச்சுத்திணறல். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ‘பெட் இல்லை’ என்று கைவிரித்துவிட்டார்கள். எங்கள் ஏரியா கவுன்சிலருக்கு போன் போட்டேன். தூக்கத்தில் எழுந்து, ‘நீங்க அங்கேயே இருங்க சார், நான் பேசறேன்’ என்றார். பதினைந்தே நிமிடம். பெட் வந்தது. அப்பா பிழைத்தார். அடுத்த இரண்டு தேர்தலில் என் ஓட்டு யாருக்கு என்று நீங்கள் கேட்கவே வேண்டாம்.

அப்பாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது வராந்தாவில் ஒரு பெண் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு முன்னாலேயே வந்தவள். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ‘குழந்தைக்கு வேற வார்டு, வேற பெட்’ என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தைரியம் வரவில்லை.

இந்த மாதிரி உதவியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த மாப் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வாங்க எந்தப் பெண்ணும் கர்லியின் வீட்டு வாசலில் நிற்கவில்லை. எந்த வார்டு, யாருக்கு ஓட்டு என்ற பேச்சில்லை. தரை தேய்க்கிறவளா, இந்தா, பிடி! ஆனால் வேலை, ஜாமீன், பெட் இதெல்லாம் அப்படி இல்லை. நாளைக்கும் வர வேண்டும். கியூ இருந்தால்தான் கியூவைத் தாண்டி அழைத்துப் போகிறவருக்கு மரியாதை. எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லோருக்கும் பெட் இருந்தால், எங்கள் கவுன்சிலருக்கு நான் எதற்கு போன் போடப் போகிறேன்?

கிளேசர், ஷ்லைஃபர் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2005-இல் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கே ‘கர்லி விளைவு’ என்று தலைப்பு வைத்தார்கள். தனக்கு ஓட்டுப் போடாத பணக்காரர்கள் ஊரைவிட்டுப் போகும்படி வரியும் வசவும் போட்டார், ஊர் தேய்ந்தது, அவருடைய ஓட்டு பலம் வளர்ந்தது என்பது அவர்கள் வாதம். நான் முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பிராந்தியத்து நெசவாலைகள் தெற்கே போனதற்கு கர்லி காரணமில்லை. அவர் விரிவாக்கிய நகராட்சி ஆஸ்பத்திரியில் பிழைத்தவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

1947-இல் கர்லி மறுபடியும் சிறைக்குப் போனார், மேயராக இருக்கும்போதே! இந்த முறை தபால் வழி மோசடி வழக்கு. நண்பன் கதை எதுவும் இல்லை. அவரை விடுவிக்கக் கோரும் மனுவில் காங்கிரஸ் உறுப்பினர்கள் பலர் கையெழுத்துப் போட்டார்கள். இளம் உறுப்பினர் ஜான் கென்னடி போடவில்லை. ஐந்து மாதத்தில் ஜனாதிபதி ட்ரூமன் தண்டனையைக் குறைத்து வெளியே விட்டார். திரும்பி வந்த முதல் நாளே, ஐந்து மாதத்தில் நடக்காததை ஒரே நாளில் முடித்துவிட்டேன் என்கிற மாதிரி நிருபர்களிடம் பீற்றிக்கொண்டார். அந்த ஐந்து மாதம் நாற்காலியைப் பார்த்துக்கொண்டவர் ஜான் ஹைன்ஸ் என்ற அமைதியான நகராட்சி அதிகாரி. அவருக்குச் சுருக்கென்றது. 1949 தேர்தலில் எதிர்த்து நின்று கர்லியைத் தோற்கடித்தார்.

மறு வருடம் பிப்ரவரியில் கர்லியின் மகள் ஒருத்தியும் மகன் ஒருவனும் ஒரே நாளில் இறந்தார்கள். ஒன்பது பிள்ளைகளில் ஏழு பேரை அவர் உயிரோடு இருக்கும்போதே பறிகொடுத்தார். அன்று அந்த மூவிலை ஜன்னல் வீட்டு வாசலில் ஆயிரக்கணக்கானோர் குளிரில் வரிசையில் நின்றார்கள். பதவியில் இல்லாத கிழவர், இனி அவரால் ஒரு வேலையும் வாங்கித் தர முடியாது. இருந்தும் நின்றார்கள்.

1958-இல் அவர் இறந்தார். 1980-இல் பாஸ்டனின் நடுவில் அவருக்கு இரண்டு வெண்கலச் சிலைகள் வைத்தார்கள். ஒன்று நிற்கிறது. மற்றது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது, யாரோ குறை சொல்ல வந்ததைக் கேட்பது போல. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டிருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நானும் பக்கத்தில் போய் உட்காருவேன் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அந்த வராந்தாவில் பார்த்த பெண்ணும் கூடவே ஞாபகத்துக்கு வந்துவிடுகிறாள். அந்தக் குழந்தைக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது.