ஐயத்தின் கடன்: சார்பியல், ஒளி, கணிதமுரண் பற்றிய வாதங்களில் அறநோக்கு

முன்னுரை

ஒரு துறையை முறையாகப் பயிலாதவர் அத்துறையின் நிலைபெற்ற கொள்கையை மறுத்து வாதிடலாமா என்பது அறிவியல் வினா மட்டுமன்று. அற வினாவும் ஆகும். ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கை (1905, 1915) வெளிவந்த காலந்தொட்டே, ஒளியின் வேகம் காண்பார் அனைவர்க்கும் ஒன்றே என்பதையும், விரையும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்பதையும் ஏற்க மறுத்து ஆர்வலர் பலர் வாதிட்டு வந்துள்ளனர். அவர்களை நகைத்து ஒதுக்குவது ஒரு சாரார் வழக்கு; அறிஞர்கள் உண்மையை மறைக்கின்றனர் எனப் பழிப்பது மற்றொரு சாரார் வழக்கு. இரண்டும் பொருந்தா என்பதையும், ஐயுறுவோர்க்கு உரிமையோடு கடனும் உண்டு என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பாலக்காடு, இடுக்கி எல்லைப்பகுதிகளை ஒட்டிய சான்றுகள் இதற்கு முதலில் கொள்ளப்பெறுகின்றன.

மணிமேகலையின் வாதநெறி

மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி நகரில் சமயக்கணக்கர் பலரின் கொள்கைகள் பேசப்படுகின்றன. வஞ்சி கருவூரா, கொடுங்கல்லூரா என்பது தனி ஆய்வுக்குரியது. எதுவாயினும், இரண்டையும் இணைக்கும் இயற்கை வழி பாலக்காட்டுக் கணவாயே. மணிமேகலை அங்கே மாதவன் வடிவில் சென்று முதலில் கேட்கிறாள். இறுதியில் பூதவாதியிடம் மட்டும் மறுவினா எழுப்புகிறாள். காட்சியளவை ஒன்றையே ஏற்பவன் தன் பெற்றோரை எவ்வாறு அறிந்தான் என்பது அவ்வினாவின் சாரம். 29ஆம் காதையில் அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் ஆகியவற்றையும் அவற்றின் போலிகளையும் வகுத்துரைக்கிறார். வாதிடுவோன் தன் கூற்று எவ்விடத்தில் பிழைபடும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

நிளைக்கரையில் கணக்கும் காட்சியும்

ஆனைமலைப் பகுதியில் தோன்றிப் பாலக்காட்டைக் கடந்து பொன்னானியில் கடலொடு கலக்கும் பாரதப்புழை நிளை எனவும் வழங்கும். அதன் கழிமுகப் பகுதியில் வாழ்ந்த வானியலறிஞர் வடசேரி பரமேசுவரர், ஏறத்தாழ 55 ஆண்டுகள் கிரகணங்களை நோக்கிப் பதிந்தார். பழங்கணக்குக் காட்சியோடு பொருந்தாமை கண்டு, 1431இல் திருக்கணித முறையை வகுத்தார். முன்னோர் கணக்கை ஐயுறுதற்கு அவர் அளித்த விலை அரை நூற்றாண்டு உழைப்பாகும்.

கோடைக்கானலில் ஒளி பற்றிய ஐயம்

இடுக்கி மலைகளுக்குக் கிழக்கே, பழனிமலையில் அமைந்தது கோடைக்கானல் சூரிய ஆய்வகம். அங்கு 1907இல் பணியேற்று, 1911 முதல் 1923 வரை இயக்குநராக விளங்கிய ஜான் எவர்ஷெட், தொடக்கத்தில் தொழில்முறை சாராத வானியல் ஆர்வலரே. கதிரவனின் ஈர்ப்பால் அதன் ஒளியின் நிறமாலைக் கோடுகள் சிவப்புப் பக்கம் பெயரும் என்பது ஐன்ஸ்டைனின் கணிப்பு. நொடிக்கு ஏறத்தாழ 0.63 கி.மீ. வேகத்தில் விலகிச் செல்லும் பொருளின் ஒளியிற் காணும் பெயர்ச்சிக்கு இஃது ஒப்பாகும். எவர்ஷெட்டின் அளவீட்டில் கதிரவனின் நடுவில் ஒன்றும் விளிம்பில் அதனினும் மிகுதியுமாகப் பெயர்ச்சி தோன்றியது. கொள்கையோ எங்கும் ஒரே அளவு என்றது. அவர் இம்முரணை மறைக்கவுமில்லை. அதுகொண்டு கொள்கை வீழ்ந்ததென அறிவிக்கவுமில்லை. கதிரவனின் மேற்பரப்பில் கொதித்தெழும் வளிமத்தின் இயக்கம் நடுப்பகுதியில் பெயர்ச்சியைக் குறைத்துக் காட்டுகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பொருந்தாத எண்ணை அவர் பொறுமையோடு பதிந்து வைத்தமையால் அது பிற்கால அறிவுக்கு வித்தாயிற்று.

நீதிபதியின் மறுப்பு

இந்தியாவில் சார்பியலை வெளிப்படையாக மறுத்தவருள் குறிப்பிடத்தக்கவர் சர் ஷா முகம்மது சுலைமான் (1886–1941). இவர் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர். எனினும் தொழிலால் அலகாபாத் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி. 1930களில் மாற்றுக் கொள்கை ஒன்றை முன்வைத்த அவர், கதிரவனருகே ஒளி வளையும் அளவு ஐன்ஸ்டைன் கூறிய 1.75 விகலையினும் மிகுதி எனக் கணித்தார். 1936 ஜூன் 19ஆம் நாள் கிரகணத்தில் சோவியத் வானியலார் பெற்ற அளவும் அவ்வாறே மிகுந்திருந்தது. ஆயின் பின்வந்த வானொலி அலை அளவீடுகள் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த பிழையோடு ஐன்ஸ்டைனின் எண்ணையே உறுதிசெய்தன. சுலைமானின் கொள்கை தோற்றது. அவர்தம் வாதநெறி தோற்கவில்லை. தம் வழக்கில் தாமே தீர்ப்பளிக்காமல், அதனை எண்ணாக்கி வானத்தின் தீர்ப்புக்கு விட்டமையே அவர்தம் சிறப்பு எனலாம்.

கணிதமுரணும் சொற்பொருளும்

கணித வாதங்களில் தீர்ப்பளிப்பது அளவீடன்று, வரையறை. சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராயிருந்த இராமானுசன் 1913 பிப்ரவரி 27இல் ஹார்டிக்கு எழுதிய மடலில், 1, 2, 3 என முடிவின்றிச் செல்லும் எண்களின் கூட்டுத்தொகை −1/12 என்றார். இதனைக் கேட்பவர் தம்மைப் பித்தர் எனக் கருதக்கூடும் என்பதையும் அவரே உணர்ந்திருந்தார். வழக்கமான கூட்டலில் அது பிழை. விரித்து வரையறுத்த கூட்டலில் அது மெய். இரட்டையர் முரணும் இத்தகையதே. இருவருள் ஒருவர் விண்ணில் விரைந்து சென்று மீள்கிறார். ஒவ்வொருவர்க்கும் மற்றவரே நகர்வதாகத் தோன்றுதலின் யார் இளையவர் என வாதிடுவோர், திரும்பி வந்தவர் தம் இயக்கத்தை மாற்றியவர் என்பதை மறந்துவிடுகின்றனர். காலம் அனைவர்க்கும் ஒன்றே என்னும் உலக வழக்கும் இவ்வாதத்துள் நுழைந்துவிடுகிறது. ஆனால் இடங்காட்டும் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ நொடி முந்துகின்றன. அது திருத்தப்பட்டே வழி காட்டப்படுகிறது.

முடிவுரை

ஐயம் பட்டத்தால் வரும் உரிமையன்று. ஆர்வலர், நீதிபதி, எழுத்தர் ஆகிய மூவரும் இதற்குச் சான்று. ஆயின் ஐயுறுவோர்க்குக் கடன் இரண்டு. தாம் வழங்கும் சொல்லின் பொருளை வரையறுத்தல் ஒன்று. எது நிகழின் தம் கூற்றைக் கைவிடுவர் என்பதை முன்னரே உரைத்தல் மற்றொன்று. கேட்கும் அறிஞர்க்கும் ஒரு கடன் உண்டு. எள்ளுமுன் ‘எப்பொருளில் கூறுகின்றீர்?’ என வினவுதலே அது. அவ்வினா எழாதிருப்பின் இராமானுசனின் மடல் வெறும் பிழையாகவே கிடந்திருக்கும். தோல்விக்கு இடம் வைக்காத வாதம், அறிஞர் கூறினும் ஆர்வலர் கூறினும், வாதப்போலியே ஆகும்.