நீரில் இருக்கும் மீன் யாருடையது?

மனமகிழ்வுக்காகத் தூண்டில் போடுகிறவர், வயிற்றுப்பாட்டுக்காக வலை விரிக்கிறவரைத் தடுக்கலாமா? உழைப்பை மதிக்கிற எவருக்கும் முதலில் நாவில் வரும் பதில் கூடாது என்பதுதான். ஆனால் அயர்லாந்தில் 35 ஆண்டுகளுக்கும் மேலாக இதற்கு நேர்மாறான ஏற்பாடு நடக்கிறது. அதை அநியாயம் என்று சட்டென ஒதுக்கிவிட முடியவில்லை.

1990-இல் அயர்லாந்து அரசு, தன் நாட்டுப் படகுகள் பாஸ் என்னும் கடல்மீனை விற்பனைக்குப் பிடிப்பதை முற்றாக நிறுத்தியது. நம் கழிமுகங்களில் கிடைக்கும் கொடுவாவையும் ஏற்றுமதிச் சந்தையில் ‘சீ பாஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டும் வேறு வேறு குடும்பங்கள். ஐரோப்பியப் பாஸ் மிக மெதுவாக வளர்வது. பெண் மீன் முதன்முறை சினைப்படவே ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். விட்டுவைத்தால் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழும். இப்படிப்பட்ட மீனை வலை வாரிவிட்டால் அந்தக் கூட்டம் தலையெடுக்க ஒரு தலைமுறை ஆகிவிடும். தடை வந்தபோது மனமகிழ்வுக்காகத் தூண்டில் போடுகிறவருக்கு மட்டும் வழி விடப்பட்டது. அதுவும் நாளொன்றுக்கு இரண்டு மீன் என்ற வரம்போடு. இப்போது தொழில்முறைப் பிடிப்பை மீண்டும் திறக்க வேண்டும் என்று மீன்பிடித் தொழில் தரப்பு கேட்கிறது. தூண்டில்காரர்கள் எதிர்த்து நிற்கிறார்கள்.

தொழில் தரப்பின் குறை லேசானதல்ல. அதே மீனைப் பிரெஞ்சுப் படகுகளும் பிரிட்டிஷ் படகுகளும் வரம்புக்குட்பட்டுப் பிடித்து விற்கின்றன. ஐரிஷ் மீனவரோ, வேறு மீனுக்குப் போட்ட வலையில் பாஸ் தானாக ஏறிச் செத்துக் கிடந்தாலும் அதைக் கரைக்குக் கொண்டுவர முடியாது. கடலிலேயே எறிய வேண்டும். சாப்பிடக்கூடிய உணவை, அதைப் பிடித்தவர் கையாலேயே எறியச் சொல்வது எந்தக் கணக்கிலும் உறுத்தலான காரியம். விடுமுறைக்கு வந்தவர் வரம்புக்குள் மீனை வீட்டுக்கு எடுத்துப் போகலாம், கடலையே நம்பி வாழ்கிறவர் ஒன்றைக்கூட விற்கக் கூடாது என்றால் அவர் மனம் ஆறுமா?

இந்த வழக்கைத் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னொரு முகம் தெரிகிறது. தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் கட்டி முடித்த சாத்தனூர் அணையில் மீன் உரிமை தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தினுடையது. மாவட்டத்து ஏரி குளங்களிலோ ஆண்டுதோறும் மீன் பாசி ஏலம் நடக்கிறது. ஏலம் எடுத்தவருக்குத்தான் மீன். இங்கே வலைக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் முதல் போட்டவர். கரையில் மூங்கில் கழியோடு நிற்பவர் அன்றைய குழம்புக்காக நிற்கிறார், குத்தகைக்காரரின் ஆள் அவரை விரட்டுகிறார். தூண்டில் என்றால் பொழுதுபோக்கு, வலை என்றால் வறுமை என்று அயர்லாந்தைப் பார்த்துப் போட்ட கணக்கு இந்தக் கரையில் தலைகீழாகிறது. ஆகவே கையில் இருக்கும் கருவியை வைத்து நியாயத்தைத் தீர்மானிக்க முடியாது.

முதலில் மீனைப் பார்க்க வேண்டும். சாத்தனூரில் கிடைக்கும் கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் வடக்கே கங்கைச் சமவெளியின் ஆறுகளிலிருந்து வந்த இனங்கள். பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சுகளை நீரில் விட்டு, வளர்ந்ததும் பிடிக்கிறார்கள். விதைத்தவர் அறுப்பது போன்ற காரியம் இது. அறுவடை முடிந்தால் மறுபடி விதைக்கலாம். அங்குள்ள ஜிலேபி மீனும் ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டது, 1950-களில் இந்தியாவுக்கு வந்ததுதான். அணை நீரில் வலை வீசுவதில் பெரிய அறக்கேடு எதுவும் இல்லை. சுற்றுலா வந்தவர்கள் அணைக்கட்டு வாசலில் பொரித்த மீனை வாங்கித் தின்பதும் அப்படித்தான். யாரும் விதைக்காமல் ஆறோ கடலோ தானாக வளர்த்துத் தரும் மீனின் கதை வேறு. அங்கே பிடிப்பவர் எவரானாலும், தான் உண்டாக்காத ஒன்றை எடுக்கிறார்.

அப்படிப்பட்ட மீனுக்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ஒகேனக்கலுக்கு மேலே காவிரியில் வாழ்ந்த திமில் மகசீர், நன்னீர் மீன்களில் உலகப் புகழ் பெற்றது. 1946-இல் மைசூரைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன் காவிரியின் துணை ஆறான கபினியில் பிடித்த மகசீரின் எடை 120 பவுண்டு, ஏறக்குறைய 54 கிலோ. காவிரியில் தோட்டா வெடித்து மீன் பிடிக்கும் கொடுமையும் நெடுங்காலம் நடந்தது. வெடியும் நஞ்சும் வைத்து மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடுத்திருந்தது. ஆனால் காட்டாற்றங்கரையில் சட்டத்தைக் காவல் காக்க ஆள் யார்? 1970-களில் பெங்களூரைச் சேர்ந்த தென்னிந்திய வனவிலங்குச் சங்கத்தின் தூண்டில்காரர்கள் காவிரியின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். பிடித்த மீனை அளந்து, எடை பார்த்து, மீண்டும் நீரிலேயே விடும் முறை வந்தது. கள்ளத்தனமாக மீன் பிடித்தவர்களில் பலர் அங்கே வழிகாட்டியாகவும் காவலாளியாகவும் சம்பளத்துக்கு அமர்ந்தார்கள். வலைக்காரரை விரட்டியதோடு அவர்கள் நிற்கவில்லை. விரட்டப்பட்டவருக்கு வேறு பிழைப்பும் காட்டினார்கள். அயர்லாந்தின் தூண்டில்காரர்கள் கற்க வேண்டிய பாடம் இதில் இருக்கிறது.

ஆனால் மகசீரின் கதை தூண்டில்காரருக்கு முழு நற்சான்று தருவதும் இல்லை. மீன் குறைகிறதே என்ற நல்லெண்ணத்தில், மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் டாட்டா மின் நிறுவனப் பொரிப்பகத்தில் உருவான நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். புதிதாக வந்தது பெருகியது, சொந்த மண்ணின் திமில் மகசீர் சுருங்கியது. 1998 முதல் 2012 வரை காவிரிக்கரையின் காளிபோர் தூண்டில் முகாமில் தூண்டில்காரர்கள் எழுதிவைத்த பிடிப்புக் கணக்கை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்தபோதுதான் இந்த மாற்றம் பளிச்சென்று தெரிந்தது. 2018-இல் திமில் மகசீருக்கு முறையான அறிவியல் பெயர் உறுதியானது. அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாகவும் அறிவிக்கப்பட்டது. இன்று அதற்கு மிஞ்சியிருக்கும் புகலிடங்களில் ஒன்று தமிழகத்தின் மோயாறு. மீன்மீது அன்பு இருந்தால் மட்டும் போதாது, அறிவும் அடக்கமும் வேண்டும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று கிடையாது. அந்தத் தவற்றை வெளிக்கொணர்ந்ததும் தூண்டில்காரர்களின் குறிப்பேடுதான் என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொரு கேள்வியைத் தூண்டில்காரர்கள் தவிர்க்கிறார்கள். விளையாட்டுக்காக ஒரு உயிரின் வாயில் முள்ளை ஏற்றி, பிறகு விட்டுவிடுவது சரியா? ஜெர்மனியின் விலங்கு நலச் சட்டம், முதுகெலும்புள்ள உயிருக்கு நியாயமான காரணமின்றி வலி தரக் கூடாது என்கிறது. உண்பதற்காகப் பிடிப்பது காரணம்; விடுவதற்காகவே பிடிப்பது காரணமாகாது என்றே அங்கே கொள்கிறார்கள். கோயில் குளத்து மீனைத் தொடக் கூடாது என்று வளர்ந்த ஊரில் இந்த வாதம் எளிதில் புரியும். காவிரிக்கரையில் ராமநாதபுரா, துங்கைக்கரையில் சிருங்கேரி என்று கர்நாடகத்தின் சில கோயில் துறைகளில் மகசீர் இன்றும் பிழைத்திருப்பது, அங்கே தூண்டிலும் வலையும் ஒருசேர விலக்கப்பட்டதால்தான். மீனுக்காகவே போராடுகிறோம் என்று சொல்கிறவர் இந்த அளவுகோலுக்கு முன்னும் நிற்க வேண்டும்.

எல்லாவற்றையும் தட்டில் வைத்துப் பார்த்தால், அயர்லாந்துத் தூண்டில்காரர்களின் எதிர்ப்பு சரி. அதற்கு அவர்கள் சொல்லும் உரிமை சரியல்ல. மீன் கூட்டம் முழுமையாகத் தேறாதபோது வலையைத் திறக்கக் கூடாது. இன்று கிடைக்கும் லாபத்தைவிட இன்னும் பிறக்காத மீனவருக்குக் கடலில் மீன் மிஞ்சுவது பெரிது. ஆனால் இத்தனை ஆண்டு அனுபவித்ததால் கரை தங்களுக்கே சொந்தம் என்று தூண்டில்காரர் நினைத்தால் அந்த நிமிடமே அவர்கள் வழக்கு தோற்றுவிடுகிறது. வலைக்காரரிடம் கேட்கும் தியாகத்தை அவர்களும் செய்ய வேண்டும். கூட்டம் மெலிந்த ஆண்டில் நாள்வரம்பு ஒரு மீனாகவும், தேவையானால் ஒன்றுமில்லாமலும் ஆக வேண்டும். அந்நிய நாட்டுப் படகுகளின் பிடிப்பைக் குறைக்கச் சொல்லும் முதல் குரல் அவர்களுடையதாக இருக்க வேண்டும். என்றாவது தடை தளர்ந்தால், ஒற்றைத் தூண்டில் கயிற்றோடு போகும் சிறு படகுக்கே முதல் இடம் தர வேண்டும். இழுவை வலைக்கு ஒருபோதும் கூடாது. தமிழகக் கிழக்குக் கடற்கரையின் மீனவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளைக் கரையேற்றி நிறுத்துகிறார்கள். அரசு அந்தக் குடும்பங்களுக்குத் தடைக்கால நிவாரணம் தருகிறது. தொகை போதாது என்ற குறை உண்டு. ஆனாலும் பொதுநலனுக்காகத் தொழிலை நிறுத்துகிறவருக்குப் பொதுப்பணத்திலிருந்து பங்கு தர வேண்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது. அயர்லாந்தில் 1990-இல் மூடிய கதவுக்கும் இந்த நியாயம் பொருந்தும்.

நம் மாவட்டத்துக்கும் செய்ய வேண்டியது உண்டு. மீன் பாசி ஏல நிபந்தனைகளில் இரண்டு வரி சேர்க்க வேண்டும். புதுவெள்ளம் வரும் மாதங்களில் கலங்கலிலும் மதகிலும் எதிரேறி வரும் சினைமீனை வலை கட்டி வாரக் கூடாது என்பது ஒன்று. குழம்புக்காகக் கரையில் ஒற்றைத் தூண்டிலோடு நிற்கும் ஊர்க்காரரைக் குத்தகைக்காரர் விரட்டக் கூடாது என்பது இன்னொன்று. ஊராட்சி ஏரிகளைப் பொறுத்தவரை, ஆகஸ்ட் 15 அல்லது அக்டோபர் 2 கிராமசபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரலாம். அடுத்த ஏலத்துக்கு முன் யாராவது எழுந்து கேளுங்கள்.